இரவில் நின்றுபோன சர்வர்: காரணத்தை எங்கே தேடுவது?

நண்பர்களுக்கு வணக்கம். சிஸ்டம் நிர்வாகப் பொறுப்பேற்று மூன்று மாதங்களே ஆன எனக்கு, எங்கள் அலுவலகத்து உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர் நேற்று அதிகாலை உறைந்துபோனதன் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

ரேம் 8 ஜிபி, ஸ்வாப் (ரேம் நிறைந்தால் கைகொடுக்கும் வட்டு இடம்) இல்லை. நினைவகம் தீர்ந்திருந்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏதேனும் ஒரு புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, கொன்றதாகப் பதிவாகியிருக்கும் என்றெண்ணி மறுதொடக்கத்துக்கு முந்தைய இயக்கத்தின் லாகைப் (பதிவேட்டைப்) புரட்டினேன். அப்படி ஒரு வரியும் இல்லை, முறையாக அணைந்ததற்கான வரிகளும் இல்லை. 2:17க்கு மணிதோறும் ஓடும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) தொடங்கியதோடு லாக் அறுந்து நிற்கிறது. பதற்றத்தில், திரையில் இருந்ததைப் படமெடுக்காமலேயே பவர் பொத்தானை அழுத்திவிட்டது என் தவறுதான்.

கெர்னல் பேனிக்கா (மீள முடியாத பிழையால் கெர்னலே நின்றுபோவது), மின்வழங்கிக் கோளாறா, ரேம் பழுதா? முதலில் மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் நிரல்) ஓட்டுவதா, ஐபிஎம்ஐ (சர்வரின் வன்பொருளைத் தனியே கண்காணிக்கும் அமைப்பு) நிகழ்வுப் பதிவைப் பார்ப்பதா, அல்லது கேடம்ப் (கெர்னல் நின்றுபோகும்போது நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) அமைத்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.