ஏதென்சின் 'ஆஸ்ட்ரகிசம்': 'பானையோட்டு விலக்கு' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய ஏதென்சில் இருந்த 'ஆஸ்ட்ரகிசம்' என்னும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் 'நாடு கடத்தல்', 'ஊர்விலக்கு', 'ஓட்டுவிலக்கு' ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் முறையைப் பார்ப்போம். இந்த ஆண்டு யாரையாவது விலக்க வேண்டுமா என்று மக்கள் பேரவையில் ஆண்டுக்கு ஒருமுறை கேட்பார்கள். வேண்டும் என்று பேரவை முடிவு செய்தால், சில வாரங்கள் கழித்துக் குடிமக்கள் நகரச் சந்தைவெளியில் கூடி, உடைந்த பானை ஓடு ஒன்றில் ஒருவரின் பெயரைக் கீறி இடுவார்கள். 6000 ஓடுகள் சேராவிட்டால் அந்த ஆண்டு முயற்சி செல்லாது. சேர்ந்தால், மிகுதியான ஓடுகளில் பெயர் வந்தவர் பத்து நாள்களுக்குள் நகரை விட்டு வெளியேறிப் பத்தாண்டுகள் விலகி இருக்க வேண்டும். அவர்மீது குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அவருடைய நிலமும் வீடும் அவருக்கே உரியவை, குடியுரிமையும் போகாது.

'நாடு கடத்தல்' இங்கேதான் இடறுகிறது. அச்சொல்லைக் கேட்டதும் 'என்ன குற்றம் செய்தார்?' என்ற கேள்வி நமக்குத் தானாக எழும். ஏதென்சிலோ கொலை போன்ற குற்றங்களுக்காக நாட்டை விட்டு அனுப்பும் தண்டனை தனியே இருந்தது; 'நாடு கடத்தல்' என்பதை அதற்கு விட்டுவைப்பதே முறை. கி.மு. 482இல் ஏதென்சின் அரசியல் தலைவர் அரிஸ்டைடிஸ் இம்முறையில் விலக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் பாரசீகப் படையெடுப்பு வந்தபோது ஏதென்சு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, அடுத்த ஆண்டு பிளாட்டேயாப் போரில் அவரே ஏதென்சுப் படைக்குத் தலைமை தாங்கினார். தண்டனைச் சொல் ஒன்றால் இந்த வரலாற்றை எழுத முடியாது.

'ஊர்விலக்கு' நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு உரியது. நம் ஊர்களில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தால் அவர்களுக்குத் தண்ணீர் தரமாட்டார்கள், அடுப்புக்கு நெருப்பு தரமாட்டார்கள், நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். ரோமானியச் சட்டத்தில் 'நீரும் நெருப்பும் மறுத்தல்' என்ற பெயரிலேயே ஒரு தண்டனை இருந்தது. கி.மு. 58இல் ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோமீது அது விதிக்கப்பட்டு, ரோமின் பலட்டைன் குன்றில் இருந்த அவரது வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் விடுதலைத் தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டிடம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு அவர் திரும்பி வந்தபோது, அந்த நிலம் தெய்வத்துக்கு உரியதா, அவருக்கு உரியதா என்ற வழக்கைக் குருமார் குழுவே கேட்டு அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. 'ஊர்விலக்கு' என்பதை இந்த ரோமானிய முறைக்கு ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

மூன்றாவதான 'ஓட்டுவிலக்கு' இலக்கணப்படி பிழையற்றது. 'ஆறு' என்பது 'ஆற்றுமணல்' என்பதில் இரட்டிப்பதுபோல 'ஓடு' இங்கே 'ஓட்டு' ஆகிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு 'ஓட்டு' என்றால் தேர்தல் ஓட்டு. 'ஓட்டுவிலக்கு' என்று எழுதினால் வாக்குரிமையைப் பறித்தல் என்றே படிப்பார். அப்படியான உரிமைப் பறிப்பும் ஏதென்சில் தனித் தண்டனையாக இருந்ததால், குழப்பம் இரட்டிப்பாகும். 'சில்லு விலக்கு' என்றும் எண்ணிப் பார்த்தேன். பாண்டி ஆடிய எவருக்கும் ஓட்டுச் சில்லு தெரியும். ஆனால் இலங்கை வாசகருக்குச் சில்லு என்பது சக்கரம்.

ஆகவே 'பானையோட்டு விலக்கு' என்று பரிந்துரைக்கிறேன். கிரேக்கச் சொல்லே பானையோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. கருவியால் முறைக்குப் பெயர் வைப்பது நமக்கும் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் 'குடவோலை' அப்படி அமைந்த சொல்தானே? அங்கே ஓலை ஆளைத் தேர்ந்தெடுத்தது, இங்கே ஓடு ஆளை விலக்கியது. சொல் நீளம் என்பவர்கள் கட்டுரையில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, பின்னர் 'விலக்கு' என்று மட்டும் எழுதலாம். தற்கால உளவியலில் ஒருவரைக் கூட்டம் புறக்கணிப்பதையும் 'ஆஸ்ட்ரகிசம்' என்பார்கள்; அதைக் குறிக்க இந்தத் தமிழ்ச் சொல்லை நீட்ட வேண்டாம். அதற்கு 'ஒதுக்கிவைப்பு' போதும்.

பெயர் கீறிய ஓட்டுக்கும் ஒரு சொல் தேவை. 1937இல் ஏதென்சின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிசின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து 190 ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலும் குடிகிண்ணங்களின் அடிப்பாகங்கள். எல்லாவற்றிலும் ஏதென்சு அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீசின் பெயர், ஆனால் எழுதிய கைகள் பதினான்குதான். எதிரணியினர் முன்கூட்டியே எழுதி, பிறர் கையில் கொடுக்க வைத்திருந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவற்றைச் சுருக்கமாகப் 'பெயரோடு' என்றால் 'பெயருடன்' என்று பொருள்பட்டுவிடும். கொடுமணல், கீழடி அகழாய்வுகளைப் பற்றி எழுதுவோர் 'எழுத்துப் பொறித்த பானை ஓடு' என்று ஏற்கெனவே வழங்குவதால், அதை ஒட்டி 'பெயர்பொறி ஓடு' என்று வைத்துக்கொள்ளலாமா? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.