செராமிக் பல் கிளிப்: கீழ்வரிசைக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள்? சாம்பார் கறை ஏறுமா?

கரிசல்காடு (கேள்வி)

தங்கைக்கு 24 வயது. முன்பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, மேல்பல் கீழ்ப்பல்லைப் பாதிக்கு மேல் மூடுகிறது. கல்லூரியில் பாடம் எடுப்பதால் பல் நிறக் கிளிப்தான் வேண்டும் என்கிறாள். டாக்டர் மேலே செராமிக், கீழே மெட்டல் என்கிறார். கூடுதல் பணம் தருகிறோம் என்றாலும் கீழே செராமிக் போட ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்? கண்ணாடி போன்ற சஃபையர் வகை நல்லதா, பால் நிற வகையா? வீட்டில் தினமும் சாம்பார், மூன்று வேளை டீ. மஞ்சளாகிவிடாதா? வெள்ளைக் கம்பி போடலாமா?

உளிமுனை

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், அவர் பல்லைக் காப்பாற்றுகிறார். பிராக்கெட் என்றால் பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு. செராமிக் பிராக்கெட் என்பது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது 9, பல்லின் எனாமல் 5 சுமார். மேல்பல் ஆழமாக மூடும் வாயில், ஒவ்வொரு கடியிலும் மேல் முன்பல்லின் நுனியும் உட்புறமும் கீழ் பிராக்கெட்டில் உரசும். உப்புத்தாளில் தேய்ப்பது போலத்தான். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கடைவாய்ப்பல்லில் சிறு சிமென்ட் மேடு வைத்துக் கடியை உயர்த்தினால் கீழேயும் செராமிக் போட முடியும், ஆனால் மேடு தேய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மேல்பல்லே பாதி மறைக்கிறதே, கீழே மெட்டல் இருந்தாலும் பேசும்போது அதிகம் தெரியாது. தங்கையைக் கண்ணாடி முன் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சஃபையரும் அலுமினாதான், ஒரே படிகமாக வளர்த்தது. பல்லின் நிறம் அதன் வழியே தெரியும் என்பதால் கொஞ்சம் மஞ்சளான பல்லுக்கு அது பொருந்தும். வெளிர்ந்த பல்லுக்குப் பால் நிறமே போதும். சஃபையரின் குறை: மேலே கீறல் விழுந்தால் வலிமை மளமளவென்று குறையும், ஓரச் சிறகு (வளையம் மாட்டும் சிறு கொக்கி போன்ற நீட்டம்) உடையும்.

பல் பிடுங்கி இடைவெளியை மூடும் சிகிச்சை என்றால், கம்பி ஓடும் பள்ளத்தில் உலோகத் தகடு பதித்த செராமிக் கேளுங்கள். வெறும் செராமிக் பள்ளத்தில் கம்பி உராய்ந்து நகர்வு மந்தமாகும். கிட்டத்தில் பார்த்தால் தகடு ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அவ்வளவுதான். மேல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மெட்டல் டியூப்தான் (கம்பியின் நுனி நுழையும் குழாய்) வரும், இதை முதலிலேயே தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

மாவடு

கறை பற்றி நான். பிராக்கெட் மஞ்சளாகாது. மஞ்சளாவது அதைக் கம்பியோடு கட்டும் ரப்பர் வளையம். நிறமில்லாத வளையம் ஒரே வேளை சாம்பாரில் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் ரப்பருக்குள் ஊறுவதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்த்துத் தேய்த்து ஈறைத்தான் புண்ணாக்குவோம். வழி இரண்டு. ஒன்று, மங்கிய சாம்பல் அல்லது புகை நிற வளையம், அதில் கறை எடுத்துக் காட்டாது. இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டச் சொல்வது, கறை என்ற பேச்சே இல்லை. வளையத்தை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வீட்டு விசேஷம் இருந்தால் வளையம் மாற்றும் தேதியை விசேஷத்துக்கு முந்தைய நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பிராக்கெட்டைச் சுற்றிப் பிதுங்கிய ஒட்டுப்பசை. அதைத் துடைக்காமல் லைட் காட்டி இறுக்கிவிட்டால் டீக்கறை அந்த விளிம்பில் பழுப்புக் கோடாக ஏறும். ஒட்டும் அன்றே விளிம்பைச் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டாதீர்கள், டீயோடு சேர்ந்து அதுவே பழுப்பாக்கும். வெள்ளைக் கம்பியின் பூச்சு பிரஷ்ஷிலும் மெல்லுவதிலும் உரிந்து திட்டுத்திட்டாக வெள்ளி தெரியும். அதற்குச் சாதாரணக் கம்பியே மேல்.

கரிசல்காடு

நன்றிங்க, இரண்டு பேருக்கும். கீழே மெட்டல் என்று முடிவு. தினமும் எப்படித் தேய்ப்பது? கழற்றும்போது எனாமல் பெயரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

உளிமுனை

பிராக்கெட்டுக்கு மேலே ஈறோரம் பிரஷ்ஷை 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு முறை, கீழே மேல்நோக்கிச் சாய்த்து ஒரு முறை. பிறகு கம்பிக்கு அடியில் இடைப்பல் பிரஷ்ஷை நுழைத்து ஒவ்வொரு பிராக்கெட்டின் இரு பக்கமும். 1000 பிபிஎம்முக்குக் குறையாத ஃப்ளோரைடு பேஸ்ட், இரவில் கட்டாயம். வெள்ளை பிராக்கெட்டில் வெள்ளை அழுக்கு கண்ணுக்குத் தெரியாது, இதுதான் செராமிக்கின் பெரிய ஆபத்து. கரி வெண்மையாக்கும் பேஸ்ட் வேண்டாம். அழுக்கு நின்றால் ஒரு மாதத்திலேயே எனாமலில் சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளை விழும், கழற்றிய பிறகு பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டமாகத் தெரியும்.

சீடை, முறுக்கு, கரும்பு, நெல்லிக்காய், நல்லி எலும்பு முன்பல்லில் கடிக்கக்கூடாது. கொய்யாவை நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். சிறகு உடைந்து உதட்டைக் குத்தினால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, கிளிப்புக்கென உள்ள மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்துங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது.

கழற்றும் பயம் சும்மா வந்ததல்ல. ஆரம்பகால செராமிக் பிராக்கெட்டுகள் ரசாயனப் பிணைப்பில் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு எனாமலையும் இழுத்தன. இப்போதைய வகைகளின் அடிப்பகுதி ரசாயனமாக இல்லாமல், பசையைப் பற்றிக்கொள்ளும் பிடிமானத்தில் நிற்கிறது, அந்தந்த பிராக்கெட்டுக்கு உரிய பிளையரால் இரு பக்கமும் அழுத்தினால் விடும். சில நேரம் உடைந்து ஒரு துண்டு பல்லிலேயே தங்கும். அதை வைர முனையால், தண்ணீர் பீய்ச்சியபடி அரைக்க வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் சூடு பல்லின் நரம்பைத் தாக்கும். துண்டு தெறிக்கும் என்பதால் தங்கையைப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கையின் முன்பல்லில் ஏற்கெனவே விரிசல் கோடோ, பெரிய அடைப்போ, வேர் சிகிச்சையோ இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பல்லுக்கு மட்டும் மெட்டல் போடுவதா என்பதை அவர் அப்போதே முடிவு செய்வார்.