நிலா மணி மாதிரி அதிர்ந்தது என்றால் உள்ளே காலியா?

பாலக்கோட்டான்:
நேற்று ராத்திரி ஒரு வீடியோ பார்த்ததில் இருந்து தூக்கம் இல்லை. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 ஆட்கள் நிலாவில் இருந்து மேலேறி வந்த கலத்தைத் திரும்ப நிலா மேலேயே மோதவிட்டார்கள். நிலா ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிர்ந்திருக்கிறது. அடுத்த வருஷம் அப்பல்லோ 13-இன் ராக்கெட் பகுதி விழுந்தபோது 3 மணி நேரத்துக்கு மேல்! கெட்டிப் பாறை இப்படி அதிருமா? நிலா வேற்றுக்கிரகத்தார் குடைந்து கொண்டுவந்து நிறுத்திய கலம் என்று 1970-இலேயே வாசின், ஷெர்பகோவ் என்ற இரண்டு சோவியத்காரர்கள் எழுதிவிட்டார்கள். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கல்பட்டறை:
சிரிக்கவில்லை தம்பி. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் எனக்குப் பதினெட்டு வருஷம். பலகை இறங்கியதும் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காது கொடுப்போம். கணீர் என்றால் கல் கெட்டி. சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், ஓரமாக ஒதுக்கிவிடுவோம். கணீர் என்றதால் உள்ளே காலி என்று எவனும் சொன்னதில்லை.

பாலக்கோட்டான்:
அண்ணே, நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். விண்கல் அடித்து அடித்து நிலாவின் மேலோடு நொறுங்கிக் கிடக்கிறதாம். அப்படியானால் அது சொத்தென்றுதானே கேட்கணும்?

ஊத்தங்கரை வாத்தியார்:
பிடித்தாரே ஒரு பிடி! பட்டறை உவமை பாதி தூரம்தான் வரும். விரிசல்களில் அதிர்வு முட்டி முட்டிச் சிதறும், வெளியேற நேரம் பிடிக்கும். பூமியில் அந்தச் சந்துகளில் தண்ணீர் இருப்பதால் அதிர்வு சீக்கிரம் அடங்குகிறது. நிலாவின் பாறை காய்ந்து கிடக்கிறது, அதை விழுங்க ஆள் இல்லை. இதைவிட நேரான சாட்சி ஒன்று உண்டு. ஒரு உருண்டையின் எடை நடுவிலா ஓரத்திலா என்பதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு கணக்கு. வெறும் கூடு என்றால் 0.67 வரும். சீராக நிறைந்த உருண்டைக்கு 0.4. நிலாவுக்கு 0.393. அதாவது நடுவில்தான் கனம் கொஞ்சம் கூடுதல்.

பரிசல்காரன்:
சார், நிலா போகட்டும். செவ்வாயின் துணைக்கோள் போபோஸ் உள்ளே காலி, செயற்கையாக இருக்கலாம் என்று ஷ்க்லோவ்ஸ்கி சொன்னாரே. அவரும் வீடியோ போடுகிறவரா?

ஊத்தங்கரை வாத்தியார்:
இல்லை, பெரிய வானியலாளர். போபோஸ் வேகமாகச் செவ்வாயை நெருங்குகிறது என்று அன்றைய அளவீடு காட்டியது. அங்குள்ள மெல்லிய காற்றே அதை அப்படி இழுக்கிறது என்றால் போபோஸ் மிக லேசாக இருக்கணும், லேசு என்றால் உள்ளே காலி. இப்படித்தான் கணக்குப் போட்டார். கணக்கில் குறையில்லை, கையில் இருந்த எண்தான் பிசகு. உண்மையில் அது நெருங்குவது நூற்றாண்டுக்குச் சுமார் 2 மீட்டர். அதற்குச் செவ்வாயின் ஈர்ப்பால் வரும் ஓதவிசையே போதும். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் 2010-இல் அருகே பறந்து அளந்ததில் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.9 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இடைவெளி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஜல்லிக் குவியலில் இருக்கும் சந்து மாதிரி, அறை இல்லை.

கல்பட்டறை:
எங்கள் பக்கத்து மல்லசந்திரத்தில் இருக்கும் பழங்காலக் கல்திட்டைகளைப் பாண்டவர் கட்டியது என்பார் என் பாட்டி. இத்தனை பெரிய பலகையை மனுஷன் தூக்க முடியாது என்பதுதான் அவருடைய சாட்சி. நாங்கள் கடப்பாரையும் உருளைக்கட்டையும் வைத்து அதைவிடப் பெரியதை நகர்த்தியிருக்கிறோம்.

பாலக்கோட்டான்:
சரி, நிலாவை விட்டுவிடுகிறேன். சனியின் துணைக்கோள் அயாப்பெட்டஸை விடமாட்டேன். நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு ஒரு மேடு, இரண்டு ஓடுகளை ஒட்டவைத்த மாதிரி. இயற்கையா அது?

ஊத்தங்கரை வாத்தியார்:
ஒட்டிய இடம் ஒழுங்காக ஓடணும். காசினி விண்கலம் எடுத்த படத்தில் அந்த மேடு சில இடங்களில் அறுந்து தனித்தனி மலையாக நிற்கிறது, சில இடத்தில் 20 கிலோமீட்டர் உயரம். மேலெல்லாம் பழைய விண்கல் பள்ளங்கள். வளையம் ஒன்று சரிந்து விழுந்தது என்று ஒரு கட்சி, ஒரு காலத்தில் வேகமாகச் சுழன்றதால் வந்தது என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

பாலக்கோட்டான்:
முடியவில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள், எனக்கு அது போதும்.

கல்பட்டறை:
ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வா தம்பி. இரண்டு பலகை எடுத்து வைக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்து எது விரிசல் என்று சொல். தப்பினால் டீச் செலவு உன்னுடையது.