செவ்வாய்க்கிழமை பத்து மணி

"எத்தனை தடவை கவுன்சலிங் குடுத்தா மனசு ஆறும்?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. கணக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றி.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காப்பகத்தில் ஆற்றுப்படுத்துநராக இருந்தேன். மில் வேலை என்று கூட்டிப்போய் வெளியூரில் விற்கப்பட்டு, மீட்கப்பட்டு வந்தவள் அவள். வயது 24. முதல் நாளே "நடந்ததைச் சொல்லும்மா" என்று கேட்டது என் தப்பு. பாலியல் தொழிலுக்கு ஆள் கடத்துவதைத் தடுக்கும் 1956-ம் வருடச் சட்டப்படி, மீட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி விசாரித்துத்தான் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று ஏற்கெனவே மூன்று இடத்தில் சொல்லியிருந்தாள். நாலாவதாக நான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு கேள்வியே கேட்கவில்லை. கதவு திறந்திருக்கணுமா, சாத்தணுமா, எங்கே உட்காரணும் எல்லாம் அவள் முடிவு. அவள் உடம்பின் மேல்கூட அவளுக்குப் பேச்சு இல்லாமல் இருந்த காலம் அது. இந்தச் சின்ன முடிவுகள்தான் முதல் மருந்து என்பது என் எண்ணம். செவ்வாய்தோறும் பத்து மணிக்கு வருவேன் என்றேன், வந்தேன். அவ்வளவுதான்.

ஏழாவது வாரமோ என்னவோ, துப்பட்டா நுனியை அவள் விரல் உருட்டிக்கொண்டே இருந்தது. எங்கம்மா மடியில் சுளகை வைத்து உருட்டிய அதே உருட்டல். "பீடி சுத்துவியாம்மா?" என்றேன். "ஒரு நாளைக்கு ஆயிரம்" என்றாள். என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அன்று முழுக்க இலை வெட்டுவது, தூள் வைப்பது, நூல் கட்டுவது மட்டுமே பேசினோம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம். அந்தச் செவ்வாய் என்னால் போக முடியவில்லை, போனும் இல்லை. அடுத்த வாரம் போனால் பொரிந்து தள்ளிவிட்டாள். "வாரேன்னு சொன்னியளே! எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவ!" வேலை என்று சொல்லி ஏமாற்றியவனிடம் காட்ட முடியாத கோபமும் அதில் இருந்தது. வெள்ளத்தைக் காரணமாகச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "நீ காத்துக்கிட்டு இருந்திருப்ப. நான் வரல. மன்னிச்சிரு தாயி" என்றேன். ரொம்ப நேரம் அழுதாள். அதட்டவோ அடிக்கவோ யாரும் வராத இடத்தில் கோபப்பட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்று பின்னால் அவளே சொன்னாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஒங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா, அக்கா?"