கங்காரு கவனிப்பு: எடை குறைஞ்ச பிள்ளையை நெஞ்சில் கட்டும்போது நீங்கள் பார்த்தவை என்ன என்ற கேள்விக்கு உறுப்பினர்கள் எழுதிய பதில்கள்

ராயபுரம், பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்:

முதலில் பேர் விஷயம். கங்காரு கவனிப்பை ஆங்கிலத்தில் சுருக்கி கே.எம்.சி. (Kangaroo Mother Care) என்பார்கள். நம்ம ஊரில் கே.எம்.சி. என்றால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி. "பிள்ளைக்கு கே.எம்.சி. கொடுக்கணும்" என்று சொன்னால், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் வீட்டாருக்குக் கேட்கும். 'கங்காரு கவனிப்பு' என்று முழுசாகச் சொல்லிவிட்டால் அந்தப் பயம் வராது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கி வைத்தது. இன்குபேட்டர் (பிள்ளையைச் சூடாக வைக்கிற பெட்டி) போதாத வார்டு அது. தாயின் நெஞ்சிலேயே பிள்ளையை வைக்கச் சொன்னார்.

பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் பாதி இடங்களில் தப்பாகத்தான் நடக்கிறது, அதனால் கட்டும் முறையை விரிவாகவே எழுதுகிறேன். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி வசதி. உள்ளாடை கூடாது. பிள்ளைக்கு குல்லா, சாக்ஸ், நாப்கின், இவ்வளவுதான். "குளிருமே" என்று ஒரு சட்டையைப் போட்டுவிட்டுக் கட்டுவார்கள், போர்வைக்கு மேல் போர்வையும் சுற்றுவார்கள். நடுவில் துணி வந்துவிட்டால் தாயின் தோலிலிருந்து சூடு பிள்ளைக்குப் போய்ச் சேராது. போர்வை தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். குறைமாசப் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, காக்க அங்கே சூடு ஏது?

இரண்டு மார்புக்கும் நடுவில், நெஞ்சோடு நெஞ்சாக, நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் துளி மேலே தூக்கியிருக்கணும், பூவை முகர்ந்து பார்க்கிற மாதிரி. முகவாய் நெஞ்சில் போய் இடித்தால் மூச்சுக்குழல் மடிந்துவிடும். தலை பின்னால் தொங்கினாலும் அதேதான். கை கால் மடங்கி, தொடை தவளை மாதிரி விரிந்து, பிள்ளையின் வயிறு தாயின் மேல்வயிற்றில் படணும். தாயின் மூச்சு ஏறி இறங்குவதே பிள்ளைக்கு மூச்சு விட ஒரு தூண்டுதல்.

அப்புறம் கட்டுத் துணி. பழைய காட்டன் புடவையோ வேட்டியோ போதும். மேல் ஓரம் பிள்ளையின் காது மடலுக்குச் சற்றுக் கீழே நிற்கணும். இறுக்கம் பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக மட்டும், வயிற்றுக்கு நேராகத் தளர்வு. இந்தப் பிள்ளைகள் வயிற்றால்தான் மூச்சு விடுகிறார்கள், அங்கே இறுக்கினால் மூச்சு திணறும், குடித்த பாலும் மேலே வரும். கட்டியதும் தாய் எழுந்து நின்று பார்க்கணும். பிள்ளை ஒரு விரற்கடை கீழே இறங்கினாலும் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், ஏனென்றால் இறங்கிய பிள்ளையின் கழுத்து தானாக மடியும்.

நேரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் என்று எடுத்து எடுத்து வைத்தால், தூக்கி இறக்குகிற அலைச்சல்தான் பிள்ளைக்கு மிச்சம்.

திருவொற்றியூர், குழந்தை மருத்துவர்:

சிஸ்டர் நேரத்தைச் சொன்னது சரியான இடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு, பிறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இதற்கு முன்னால் "பிள்ளை ஸ்டெடி ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் வழக்கம். அதை மாற்றியது 2021இல் வெளியான ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா என்று ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.799 கிலோ வரை உள்ள பிள்ளைகள். நம் நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. பிறந்த உடனே தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12.0 சதவீதம், நிலைப்பட்ட பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 சதவீதம். உடனே தொடங்குவதன் நன்மை தெரிந்த பிறகும் மற்றப் பிரிவைக் காக்க வைப்பது சரியில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

அந்த ஆய்வில் எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒரு எண் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், உடனே தொடங்கிய பிள்ளைகள் தாயின் நெஞ்சில் இருந்தது நாளைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். மற்றவர்கள் ஒன்றரை மணி நேரம். 17 மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் தாய்க்கு அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு கட்டில் வேண்டும். வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, கூப்பிடும்போது மட்டும் உள்ளே போகிற தாயால் இதைத் தர முடியாது.

குடும்பங்கள் என்னிடம் கேட்பது: "டாக்டர், பெட்டியில வைக்காம நெஞ்சுல வைக்கச் சொல்றீங்களே, பெட்டி காலி இல்லையா?" பெட்டி சூடு மட்டும் தரும். தாயின் நெஞ்சு சூடு தருவதோடு, பால் சுரக்க வைக்கும், தாயின் தோலில் உள்ள நல்ல கிருமிகளைப் பிள்ளைக்குத் தரும், மூச்சை ஒழுங்குபடுத்தும். கிருமித்தொற்றும் உடல் குளிர்ந்துபோவதும் இந்தப் பிள்ளைகளில் குறைவு. தாய்க்கும் லாபம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு குறைகிறது, தாய்ப்பால் பல மாதம் தொடர்கிறது. ரெண்டு வாரம் கண்ணாடி வழியாகப் பார்த்த பிள்ளையைக் கையில் வாங்கவே பயப்படுகிற தாய்மார் உண்டு. நெஞ்சில் வைத்த மூன்றாம் நாள் அதே தாய், "மூச்சு வேற மாதிரி இருக்கு" என்று நம்மைக் கூப்பிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, ரத்த அழுத்தம் ஏற மருந்து ஓடுகிற பிள்ளை என்றால் மருத்துவர் முடிவு செய்யணும். குளுக்கோஸ் ஏறுகிறது, மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது என்பது மட்டும் தடையே இல்லை.

வியாசர்பாடி, நகர்ப்புற சுகாதார செவிலியர்:

வார்டில் எட்டு மணி நேரம் வைத்த தாய் வீட்டுக்குப் போன மறுநாளே ஒரு மணி நேரமாகக் குறைகிறார். இதை எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் காரணம் ஒன்றுதான். ஒரே ரூம், அதில் ஆறு பேர், தண்ணிக் குடம், அடுப்பு, மூத்த பிள்ளையின் ஸ்கூல். அந்தப் பெண்ணுக்கு "கங்காரு பண்ணும்மா" என்று புத்தி சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வீட்டாரை உட்கார வைத்து, யார் தண்ணி பிடிப்பது, யார் சமைப்பது, எந்த நேரத்துக்கு யார் நெஞ்சில் பிள்ளை என்று பேசி முடித்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். ஆயா வைக்கலாம், அப்பா வைக்கலாம், சித்தி வைக்கலாம். காசிமேட்டில் கடலுக்குப் போய்விட்டு வருகிற அப்பா, குளித்து, வேற துணி மாற்றிவிட்டு ரெண்டு மணி நேரம் வைத்தால் அம்மா தூங்கலாம். பீடி சிகரெட் பிடிக்கிறவர், சளி இருமல் உள்ளவர், தோலில் புண் உள்ளவர் வேண்டாம்.

தாலிச் சரட்டை முதுகுப் பக்கம் தள்ளிவிடச் சொல்லுங்கள். அதில் கோத்திருக்கும் ஊக்குகளை எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். நான் வீட்டுக்குப் போனதும் முதலில் பார்ப்பது இதைத்தான். நாலைந்து ஊக்கு தொங்குகிற சரடு பிள்ளையின் கன்னத்துக்கு நேராகத்தான் வந்து விழும், ஒன்று திறந்திருந்தாலும் போதும். நெஞ்சில் பவுடர், மஞ்சள், தைலம் எதுவும் வேண்டாம். தினம் குளித்த சுத்தமான தோல் போதும்.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை வீட்டில் "வேர்த்து ஊத்துது சிஸ்டர், பிள்ளைய எறக்கி வச்சிட்டேன்" என்பார்கள். இறக்க வேண்டாம். குல்லாவையும் சாக்ஸையும் எடுங்கள், மேலே போர்த்திய துணியை எடுங்கள், ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி மெதுவாகப் போடுங்கள், நடுவில் ஊறும் வேர்வையைத் துடையுங்கள். அக்குளில் வெப்பமானி 97.7லிருந்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் காட்டணும். வெப்பமானி இல்லாத வீட்டில் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ரெண்டும் இதமாக இருந்தால் நல்லது. வயிறு இதம், பாதம் சில்லென்றால் பிள்ளை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது, உடனே நெஞ்சில் கட்டுங்கள். ரெண்டும் சில்லென்றால் நெஞ்சில் கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் குல்லா ஈரமாகிவிடும், ரெண்டு மூணு குல்லா கைவசம் வேண்டும். ஈர நாப்கினும் அப்படியே குளிர வைக்கும்.

2 கிலோ தாண்டும் வரை தலைக்கு ஊற்றுவது வேண்டாம், துடைத்தால் போதும். குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணி காட்டுவதை ஆயாக்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணி, தேன், சேனை, கழுதைப்பால் எதுவும் நாக்கில் படக்கூடாது.

காசிமேடு, உறுப்பினர் கேள்வி:

சிசேரியன் ஆன அம்மா எப்படி வைப்பாங்க? தையல் பிரியாதா? ரெட்டைப் பிள்ளையா இருந்தா?

ராயபுரம், பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்:

பிரியாது அக்கா. தையல் அடிவயிற்றில், பிள்ளை மேல்வயிற்றுக்கு மேலே. முதல் நாள் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, பிள்ளையை நாங்களே வைத்துக் கட்டிவிடுவோம். வீட்டில் முதுகுக்கு ரெண்டு மூணு தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. தூங்கும்போதும் மட்டமாகப் படுக்காமல் சாய்ந்தே படுக்கணும். கட்டு அவிழ்ந்த நிலையில் அசந்து தூங்கிவிடுவதுதான் ஆபத்து. ரெட்டை என்றால் ரெண்டையும் ஒரே நேரத்தில் அம்மாவே வைக்கலாம், இல்லை ஒன்றை அப்பாவிடம் கொடுத்து மாற்றி மாற்றி வைக்கலாம். பிள்ளை கட்டியிருக்கும்போது நடக்கலாம், உட்கார்ந்து கீரை ஆயலாம். அடுப்புப் பக்கம் மட்டும் போகவே கூடாது.

பெரம்பூர், பாலூட்டல் ஆலோசகர்:

பாலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுகிற மூன்றையும் ஒன்றாகச் செய்யத் தெரியாது. அதனால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கணும், இன்னும் சின்னப் பிள்ளை என்றால் குழாய் வழியாக. பீய்ச்சுவதைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கணும். முதல் நாள் சில சொட்டு சீம்பால்தான் வரும். "பாலே இல்ல" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சொட்டுகளும் முதல் நாள் கணக்கில் சேரும். நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல், அதில் இரவு ஒரு தடவையாவது. கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு ரெண்டு விரலையும் சேர்த்து அழுத்துங்கள். தோலின் மேல் விரலை வழுக்கி இழுத்தால் வலிதான் வரும். பிள்ளை நெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு பீய்ச்சிப் பாருங்கள், அளவில் வித்தியாசம் டம்ளரிலேயே தெரியும்.

அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1.6 கிலோ பிள்ளை. முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி, ஆக 96 மில்லி. ரெண்டு மணிக்கு ஒரு தடவை, 12 தடவை, தடவைக்கு 8 மில்லி. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு வாரத்தில் கிலோவுக்கு 150 மில்லி. அப்போது 240 மில்லி, தடவைக்கு 20 மில்லி. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாலாடையைப் பாதி நிரப்பி, கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பிள்ளை விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த துளியைச் சாயுங்கள். அவசரத்தில் தொண்டைக்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பீய்ச்சிய பால் மூடிய எவர்சில்வர் டம்ளரில் வெளியே 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை வைத்து இதமாக்குங்கள்.

முதல் வாரத்தில் எடை இறங்கும், பயப்படாதீர்கள். பத்துப் பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பணும். அதன் பிறகு கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் தினமும் ஏறணும். எப்போதும் ஒரே தராசில், துணி இல்லாமல் நிறுங்கள்.

திருவொற்றியூர், குழந்தை மருத்துவர்:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. 2 கிலோவுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 28 வாரத்துக்கு முன்போ 1.2 கிலோவுக்குக் கீழோ பிறந்திருந்தால் ரெண்டு மூணு வாரத்திலேயே. பிள்ளை நல்லா இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு, பார்வை போன பிறகு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு ஆறாது. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்குங்கள்.

இன்னொன்று, எப்போது ஓடணும் என்பது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு நிமிஷத்துக்கு 60க்கு மேல், விலா உள்வாங்குவது, உதடு நீலம், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள், வயிறு உப்புவது, வலிப்பு. 108ஐக் கூப்பிடுங்கள், வண்டியிலும் பிள்ளை நெஞ்சில்தான் வரணும். துண்டில் சுற்றிக் கொண்டுவந்தால் வந்து சேர்வதற்குள் சில்லிட்டுப் போகும்.

வியாசர்பாடி, நகர்ப்புற சுகாதார செவிலியர்:

எப்போ நிறுத்துவது என்று கேட்டு எனக்குத் தனியாக நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய 2.5 கிலோ வந்ததும் பிள்ளையே சொல்லிவிடும். கட்டுக்குள் நெளியும், வேர்க்கும், கையைக் காலை வெளியே இழுத்துப் போடும், மறுபடி உள்ளே வைத்தால் அழும். அதுவரை அதே கட்டுக்குள் சுருண்டு தூங்கிய பிள்ளைதான். அன்றைக்கு அவிழ்த்துவிடுங்கள். அதற்கு அப்புறமும் குளிப்பாட்டிய பிறகு, மழை ராத்திரியில், ஒரு மணி நேரம் நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்.