மேரியன் கர்னலைக் கட்டிக்கொண்டது காதலா, தோல்வியா?

தூங்காதவள்:

நேற்று இரவு இரண்டு மணிக்கு ஜேன் ஆஸ்டனின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை முடித்தேன். முடித்த கோபத்தில் விடியும்வரை தூக்கமில்லை. கடைசி அத்தியாயம் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன், படிக்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள் (1811இல் வந்த நாவலுக்கு இந்த எச்சரிக்கை கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும்).

கதை மறந்துபோனவர்களுக்கு: அப்பா இறந்ததும் வீடும் நிலமும் மூத்த தாரத்து மகனிடம் போய்விடுகிறது. இரண்டாம் தாரமும் அவளுடைய மூன்று பெண்களும் டெவன்ஷயரில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். மூத்தவள் எலினார், 19 வயது, மனதில் இருப்பதை வெளியே காட்டமாட்டாள். அடுத்தவள் மேரியன், 16 வயது, எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். எலினாருக்குப் பிடித்த எட்வர்டுக்கு ஏற்கெனவே லூசி என்ற பெண்ணோடு ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கிறது. மழையில் வழுக்கிக் கால் பிசகிய மேரியனைத் தூக்கிவந்து வீட்டில் விட்ட வில்லோபி, ஊரே பார்க்க அவளோடு பழகிவிட்டு, 50,000 பவுண்டு சொத்துள்ள ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மேரியன் காய்ச்சலில் சாகக்கிடந்து எழுந்திருக்கிறாள். சரி, இதுவரை எனக்கு ஒரு புகாரும் இல்லை, பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், சில இடங்களில் அழுதேன்.

ஆனால் முடிவு? அவளை மௌனமாகக் காதலித்துவந்த 35 வயதான கர்னல் பிராண்டனை, ஃபிளானல் உள்சட்டை போடும் கிழவர் என்று கேலி செய்த அதே பெண், 19 வயதில் அவருக்கே வாழ்க்கைப்படுகிறாள். அம்மா, அக்கா, எட்வர்ட் எல்லோரும் கூடி, கர்னல் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் இவள்தான் பரிசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, ஆஸ்டனே ஏறக்குறைய இப்படித்தான் எழுதுகிறார். உணர்ச்சிவசப்பட்ட குற்றத்துக்குத் தண்டனை, அதற்கு மேலே ஒரு நகைச்சுவைப் பூச்சு. இதை எப்படி இத்தனை பேர் கொண்டாடுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:

கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் 17ஆம் அத்தியாயத்தை இன்னொரு தடவை பாருங்கள். நிம்மதியாக வாழ எவ்வளவு வருமானம் வேண்டும் என்று அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிற இடம். பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பொங்குகிற மேரியன், ஏதோ தேவைக்கு வருஷம் 1,800 அல்லது 2,000 பவுண்டு போதும், அதற்கு மேல் ஆசையில்லை என்கிறாள். எலினார் சிரித்துவிட்டு, 1,000 இருந்தால் நான் பணக்காரி என்கிறாள்.

கர்னலின் டெலஃபோர்ட் பண்ணையின் வருமானம் எவ்வளவு தெரியுமா? வருஷம் சரியாக 2,000. கடனும் கிடையாது.

அந்தப் பக்கம் எலினாருக்கும் எட்வர்டுக்கும் கடைசியில் சேர்வது 350. இரண்டு பேரும் நன்றாக யோசித்து, இது குடும்பம் நடத்தப் பற்றாது, அவ்வளவு கண்மூடித்தனமான காதல் எங்களுக்கு இல்லை என்று எட்வர்டின் அம்மா மனம் இளகி 10,000 பவுண்டு தருகிறவரை காத்திருக்கிறார்கள். காதல்தான் எல்லாம் என்றவளுக்கு எஸ்டேட், கணக்குப் பார்த்தவளுக்குக் காதல் கல்யாணம். ஆஸ்டன் வைத்த மிகப் பெரிய ஜோக் இதுதான், நீங்கள் அதைத் தண்டனை என்று படித்துவிட்டீர்கள்.

தூங்காதவள்:

ஜோக்தான், யார் செலவில் என்பதுதான் கேள்வி. அந்த 2,000 பவுண்டுக் கணக்கில் வேட்டைக் குதிரைகளும் இருக்கின்றன, கவனித்தீர்களா? மேரியனா வேட்டைக்குப் போவாள்? வில்லோபியோடு குடித்தனம் நடத்தப்போகிறோம் என்ற கனவில், அவனுடைய செலவையும் சேர்த்துப் போட்ட பட்ஜெட் அது. எலினார் சிரிப்பதே அதனால்தான். அந்தக் கனவுக்குப் போட்ட தொகையை வேறொருவர் கையில் கொடுத்து, இந்தா நீ கேட்டது என்று நீட்டினால் எப்படி?

எதிர்க்கட்சி:

நான் பாதியில் மூடிவைத்தவன், அதனால் எனக்குப் பேச உரிமை உண்டா தெரியவில்லை. இது நகைச்சுவை நாவல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஒரு பெண் சாப்பிடாமல் தூங்காமல் அழுகிறாள், அடுத்த பக்கத்தில் அவர்களை லண்டனுக்கு அழைத்துப்போன ஜென்னிங்ஸ் அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு வம்பு பேசுகிறார். அழுவதா சிரிப்பதா என்று ஆசிரியர் ஒரு முடிவுக்கு வரவேண்டாமா? அப்புறம் அந்த எட்வர்ட். பிடிக்காத பெண்ணோடு நிச்சயம் ஆகிவிட்டது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். இவனுக்காக எலினார் உருகுவதை நம்பவே முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

எட்வர்டை நானும் பெரிதாக ரசித்ததில்லை. ஆனால் அவன் சொல்லியிருக்க முடியாது. அன்றைய இங்கிலாந்தில் நிச்சயம் செய்துவிட்டு ஆண் பின்வாங்கினால் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம், அது போக அந்தப் பெண்ணின் பெயரும் கெட்டுப்போகும். விடுவிக்கிற சாவி லூசி கையில்தான் இருந்தது. அவள் ஏன் விடவேண்டும்? மூத்த பையன், பெரிய சொத்து. நிச்சயம் வெளியே தெரிந்து, எட்வர்டின் அம்மா கோபத்தில் வருஷம் 1,000 பவுண்டு வருகிற நிலத்தைத் திரும்ப வாங்கமுடியாதபடி தம்பி ராபர்ட் பெயருக்கு எழுதிவைத்த பிறகு பாருங்கள், லூசிக்குத் திடீரென்று ராபர்ட் மேல் அன்பு சுரக்கிறது! இந்த நாவலில் கணக்கில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான், மேரியன் எல்லாம் கிட்டேகூட வரமுடியாது.

மூன்றாம்வாசிப்பு:

அழுவதா சிரிப்பதா என்று கேட்ட நண்பருக்கு: இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படித்தால் போதும். தங்கைகளுக்கு உதவி செய் என்று சாகும்போது அப்பா கேட்டதால் அண்ணன் ஜான் 3,000 பவுண்டு தருவதாக நினைக்கிறான், தலைக்கு 1,000. பெண்டாட்டி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். தலைக்கு 500 ஆகிறது. அப்புறம் அதுவும் வேண்டாம், அம்மாவுக்கு வருஷம் 100 தரலாமா? ஐயோ, வருஷா வருஷம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டால் ஆள் சாகவே சாகாது. அப்படியானால் எப்போதாவது 50? கடைசியில் வீடு மாறும்போது சாமான் தூக்க ஒத்தாசை, சீசனில் கொஞ்சம் மீன், கொஞ்சம் வேட்டைக்கறி. அதுவும் ஏதோ தாராளம் போல.

நான் முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது, அந்த உரையாடல் முடிகிற நேரத்தில் நாலு பெண்களின் வாழ்க்கை முடிந்துபோயிருக்கிறது, அதற்கப்புறம் வருகிற எல்லாக் காதல் தொல்லைக்கும் விதை அங்கேதான் விழுகிறது. அந்தத் தலைக்கு 1,000 கைக்கு வந்திருந்தால் வில்லோபி லண்டனுக்கு ஓடியிருப்பானா என்பதுகூடச் சந்தேகம்தான். (சரி, ஓடியிருப்பான். அவனுக்குக் கடன் அதிகம்.) ஆகவே சிரிப்பும் அழுகையும் தனித்தனி அறையில் இல்லை நண்பரே.

தூங்காதவள் சொன்னதில் ஒன்று நூற்றுக்கு நூறு உண்மை. கர்னலும் மேரியனும் நாவல் முழுக்க நேருக்கு நேர் பேசிக்கொள்கிற காட்சி ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர் பேசுவதெல்லாம் எலினாரோடு. படம் எடுத்தவர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1995இல் வந்த ஆங்கிலப் படத்தில் ஆலன் ரிக்மன் மேரியனுக்குக் கவிதை வாசித்துக் காட்டுகிறார், 2000இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் மம்மூட்டி வந்து நின்றதுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது. படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள் அந்த கர்னலைத் தேடி ஏமாறுகிறார்கள்.

எதிர்க்கட்சி:

இரண்டாம் அத்தியாயம் நல்லாயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஆஸ்டனின் சொந்த அனுபவம்தானே? 1805இல் அவருடைய அப்பா இறந்த பிறகு அம்மா, அக்கா கசாண்ட்ராவோடு சகோதரர்கள் கையை எதிர்பார்த்து இருந்தவர். அந்தக் கசப்பை எழுதியிருக்கிறார், அதனால் நன்றாக வந்திருக்கிறது.

மூன்றாம்வாசிப்பு:

வருஷம் இடிக்கிறது. இந்தக் கதையின் முதல் வடிவம் கடித உருவில் 1790களிலேயே எழுதப்பட்டது, அப்போது தலைப்பு ‘எலினாரும் மேரியனும்’. அப்பா உயிரோடு இருந்தார்.  1809இல் அண்ணன் எட்வர்ட் தன் வீடு ஒன்றைக் கொடுத்த பிறகுதான் பழைய கையெழுத்துப் பிரதியைத் திருத்தி, தன் பெயரைப் போடாமல், ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று வெளியிட்டார். முதல் பதிப்பில் கிடைத்த லாபம் 140 பவுண்டு. கதையில் வருகிற அண்ணன் ஜான் அளவுக்கு அவருடைய சகோதரர்கள் மோசமில்லை.

தூங்காதவள்:

இதெல்லாம் சரி, என் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. கர்னல் இளமையில் எலைசா என்ற பெண்ணைக் காதலித்தார், அவளை அவருடைய அண்ணனுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தார்கள், அவள் சீரழிந்து செத்தாள். மேரியனைப் பார்த்தால் அவள் ஞாபகம் வருகிறது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் அவர் காதலிப்பது யாரை? செத்துப்போன பெண்ணையா, இவளையா? இதை ஒருத்தரும் ஏன் பேசுவதில்லை?

மறுபக்கம் வில்லோபிக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை! நாய், குதிரை, வேட்டை என்று சௌகரியமாக இருக்கிறான். மேரியன் சாகக்கிடக்கிற ராத்திரியில் வந்து எலினாரிடம் அரைமணி நேரம் அழுதுவிட்டுப் போகிறான், அந்த எலினாரே இளகிவிடுகிறாள்.

கணக்குப்பிள்ளை:

கர்னலின் வளர்ப்புப் பெண்ணை, அந்தச் சின்னப் பெண்ணை, வயிற்றில் பிள்ளையோடு விட்டுவிட்டு ஓடியவன் அவன். அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட என்னிடம் இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் தவறு. இவன் ஒழுங்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதைப் பார்த்து முன்பு அந்த விஷயம் தெரிந்து சொத்து கிடையாது என்று இவனை விரட்டிய பணக்கார உறவுக்காரக் கிழவி கடைசியில் மன்னித்துவிடுகிறார். அதாவது நேர்மையாக மேரியனையே கல்யாணம் செய்திருந்தாலும் பணம் வந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாழ்நாள் முழுக்க அந்தக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கட்டும்.

எலைசா விஷயத்தில் உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஜாடை ஒற்றுமை எனக்கும் நெருடுகிறது.

மூன்றாம்வாசிப்பு:

ஒரு நிமிஷம். மேரியனின் கல்யாணத்தைச் சில பத்திகளில் முடித்தார் என்று ஆஸ்டனைத் திட்டுகிறோம். எலினாருக்கு மட்டும் என்ன செய்தார்? ஃபெராஸுக்கு (எட்வர்டின் குடும்பப் பெயர்) கல்யாணம் ஆகிவிட்டது என்று வேலைக்காரன் வந்து சொல்கிறான், எட்வர்ட் நேரில் வருகிறான், கட்டிக்கொண்டவன் தம்பி ராபர்ட் என்று தெரிகிறது. சொல்லும்போது பதற்றத்தில் கத்தரிக்கோலின் உறையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறான் (எட்வர்டை எனக்குப் பிடித்துப்போனது இந்த ஒரு இடத்தில்தான்). எலினார் வெளியே ஓடி, கதவைச் சாத்தியதும் அழுதுவிடுகிறாள். அப்புறம் அவன் எப்படிக் கேட்டான், இவள் என்ன சொன்னாள் என்று காட்டவே இல்லை. காதல் வசனம் எழுதுவதில் இந்த நாவலுக்கு அக்கறையே கிடையாது.

அக்கறை எங்கே இருக்கிறது என்றால், 37ஆம் அத்தியாயத்தில். எட்வர்டின் நிச்சயம் பற்றி உனக்கு எப்போது தெரியும் என்று தங்கை கேட்கிறாள். நாலு மாசமாகத் தெரியும் என்கிறாள் அக்கா. அந்த நாலு மாசமும் மேரியன் வில்லோபிக்காக அழுதாள், எலினார் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினாள், தன் காயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. உனக்கு உணர்ச்சியே இல்லை என்று தங்கை குத்திக்காட்டியதையும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் எலினார் முதல்முறையாக உடைந்து பேசுகிறாள், மேரியனுக்கு வெட்கம் தாங்கவில்லை. எனக்கு இந்த நாவலின் காதல் காட்சி அதுதான். கடைசி வாக்கியமும் கணவன்மாரைப் பற்றியது இல்லை, பக்கத்து பக்கத்தில் குடியிருந்தும் அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான்.

எதிர்க்கட்சி:

நான் மூடிவைத்தது 30ஆம் அத்தியாயத்தில். இதைப் படித்ததும் மறுபடி திறக்கலாமா என்று தோன்றுகிறது. எட்வர்டுக்காக இல்லை.

தூங்காதவள்:

37ஆம் அத்தியாயத்தில் நானும் அழுதேன், அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். அக்காவுக்குப் பக்கத்தில் வீடு கிடைக்கும் என்பதற்காகவே மேரியன் கர்னலுக்குச் சரி சொன்னாள் என்று வைத்துக்கொண்டால் என் கோபம் பாதி குறைகிறது. பாதிதான். அவள் கர்னலை முழு மனதோடு காதலித்தாள் என்று ஆஸ்டன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவதை இன்னும் நம்பமுடியவில்லை. வில்லோபியை நம்பவைக்க அத்தனை அத்தியாயம் எடுத்துக்கொண்டவர், கர்னலுக்கு ஒரே ஒரு நடைப்பயணமாவது கொடுத்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

அந்த நடைப்பயணத்தை நானும் கேட்கிறேன். ஆனால் மூன்றாவது தங்கை மார்கரெட்டை இங்கே யாருமே கண்டுகொள்ளவில்லை. அக்கா இரண்டு பேரும் போய்விட்டார்களே, கிண்டல் செய்ய ஆளில்லையே என்று ஜென்னிங்ஸ் அம்மாள் தவித்தபோது, நடனத்துக்குப் போகிற வயது அவளுக்கு வந்துவிட்டது என்று ஆஸ்டன் போகிறபோக்கில் சொல்கிறார். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 பவுண்டு.

தூங்காதவள்:

வில்லோபியிடமிருந்து தூரமாக வையுங்கள்.