சார்லி வாட்ஸ் டிரம்ஸ்ல அப்படி என்ன இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தட்டுமுட்டு:
வணக்கம் மக்களே. டிரம்ஸ் கத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் பிகினர்தான். எங்க மாஸ்டர், சார்லி வாட்ஸ் டிரம்ஸ் வாசிச்ச ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டோட பாட்டு கொஞ்சம் குடுத்து, கிட்டார், பாட்டு எதையும் கண்டுக்காத, டிரம்ஸ மட்டும் கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டாரு. கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன், சோலோ கிடையாது, காலால ரெண்டு பெரிய டிரம்ம விளாசுற டபுள் பேஸ் கிடையாது, ஃபில் (நடுவுல போடுற சின்ன அலங்கார அடி) கூட எங்கயோ ஒண்ணு ரெண்டுதான், டும் டாக் டும் டும் டாக்னு பாட்டு முடியுற வரைக்கும் அதே. நான் கேட்டு வளந்ததெல்லாம் ஸ்லிப்நாட், ட்ரீம் தியேட்டர் மாதிரி மெட்டல் பேண்டுங்க, அதனால எனக்கு இது கிளாஸ்ல முதல் மாசம் சொல்லித் தர்ற பாடம் மாதிரி இருக்கு. ஆனா 2021 ஆகஸ்ட்ல சார்லி இறந்தப்போ பெரிய பெரிய டிரம்மர் எல்லாம் உருகி எழுதினாங்க. பெரிய பேண்டுல இருந்ததுக்கான மரியாதையா இல்ல நெஜமாவே வாசிப்புல ஏதாவது இருக்கா? கலாய்க்கலாம்னு கேக்கல, சத்தியமா புரிய மாட்டேங்குது.

ஆஃப்பீட்_அண்ணாச்சி:
தம்பி, கேட்டது போதும், வீடியோவ போட்டு அவரு வலது கைய மட்டும் பாருங்க. லைவ் வீடியோ எதுன்னாலும் சரி.

நாமல்லாம் சாதா ராக் பீட் எப்படி வாசிப்போம்? ஹை-ஹாட்ல (ஜோடியா இருக்கிற சின்ன சிம்பல்) ஒரு பாருக்கு, அதாவது நாலு பீட் கொண்ட ஒரு சுத்துக்கு, எட்டு அடி, நிக்காம போகும். ரெண்டாவது பீட்லயும் நாலாவது பீட்லயும் ஸ்னேர் (அந்த 'டாக்' சத்தம் தர்ற டிரம்), அப்போ ஹாட்டும் ஸ்னேரும் சேந்தே விழும். அவரு அப்படி பண்ண மாட்டாரு. ஸ்னேர் அடிக்கிற அந்த நேரத்துல வலது கைய லேசா மேல தூக்கிருவாரு, ஹாட்ல அடி விழாது. அதாவது எட்டுல மூணாவதும் ஏழாவதும் அவுட், மிச்சம் ஆறுதான். இதனால என்னாகுதுன்னா ஸ்னேர் தனியா நிக்குது, மேல எந்த சத்தமும் ஒட்டாம பளீர்னு வருது. அடுத்த அடிக்கு கை திரும்பி இறங்கும்போது ஒரு சின்ன இழுப்பு வரும் பாருங்க, ஸ்டோன்ஸ் பாட்டுல ஆட்டம் அங்கதான் இருக்கு.

இப்ப வீட்ல உக்காந்து இத ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தாம வாசிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. கை தன்னால ஹாட்டுக்கு ஓடும்!

வினைல்பைத்தியம்:
அண்ணாச்சி சொன்னதோட இன்னொண்ணு. அந்த ஆளு அடிப்படையில ராக் டிரம்மரே இல்ல, ஜாஸ் ஆளு. சின்ன வயசுல ஒரு பான்ஜோ (வட்டமான தோல் முகம் வெச்ச கிட்டார் மாதிரி வாத்தியம்) கிடைச்சுது, அது பிடிக்கல, கழுத்தக் கழட்டிப் போட்டுட்டு மிச்சம் இருந்த வட்டத்த ஸ்னேரா வெச்சு பிரஷ்ல தட்டப் பழகினவரு, ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர்னா உயிரு. அப்புறம் அலெக்சிஸ் கார்னரோட ப்ளூஸ் குரூப்ல வாசிச்சாரு, அதோட கிராஃபிக் டிசைன் வேலையும் பாத்தாரு, 1963 ஜனவரியிலதான் ஸ்டோன்ஸுக்கு வந்தாரு. கடைசி வரைக்கும் இடது கையில ஸ்டிக்க ஜாஸ்காரங்க பிடிக்கிற பழைய பிடிதான், கவனிச்சிருப்பீங்க. டிரம் செட்டும் க்ரெட்ச் கம்பெனியோட பழைய கிட், கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்), ஸ்னேர், ரெண்டு டாம், கொஞ்சம் சிம்பல், அவ்ளோதான். ஸ்டேடியத்துல லட்சம் பேர் முன்னாடியும் அதே சின்ன கிட்.

ஜாஸ் பழக்கம்னா என்ன, நிறைய அடிக்கிறதுன்னு அர்த்தம் இல்ல, பக்கத்துல இருக்கவன் என்ன வாசிக்கிறான்னு காது குடுக்கிறது. வழக்கமா பேண்டுல எல்லாரும் டிரம்மர் பின்னாடி போவாங்க. ஸ்டோன்ஸ்ல கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டார் முன்னாடி போகும், சார்லி அதுக்குப் பின்னாடி, பேஸ் வாசிச்ச பில் வைமனே இத விளக்கியிருக்காரு. அதனால கிட்டாருக்கும் ஸ்னேருக்கும் நடுவுல மயிரிழை கேப் இருக்கும். இந்தா விழுந்துரும் விழுந்துரும்னு போகும், ஆனா விழாது. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள்ள நேரா உக்கார வெச்சு சரி பண்ணினா பாட்டு அங்கயே செத்துரும்.

மெட்டல் பசங்களுக்கு ஒரு தகவல்: 1968-ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன் பாட்டுக்கு அவர் வாசிச்சது பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிற 1930கள்ல வந்த ஒரு பிராக்டிஸ் கிட். அத கீத்தோட அக்கூஸ்டிக் கிட்டாரோட சேத்து ஒரு சின்ன கேசட் ரெக்கார்டர்ல சத்தத்த ஓவரா ஏத்திப் பதிவு பண்ணினாங்க, அந்த டேப்பு மேலதான் மிச்சத்த கட்டினாங்க. அவ்ளோ பெரிய சத்தம் வந்தது பொம்மை சைஸ் டிரம்ல இருந்து. டிரம்ஸ் வாங்க லோன் போடுறவங்க இதக் கொஞ்சம் யோசிங்கப்பா.

மெட்டல்_மச்சி:
நான் வில்லன் வேஷம் கட்டிக்கிறேன் 😄 நல்ல டிரம்மர்தான், இல்லன்னு சொல்லல, ஆனா கொஞ்சம் ஓவரா தூக்கி வைக்கிறோமோன்னு தோணுது. யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வாண்ட் பாட்டுல டிரம்ஸ் வாசிச்சது சார்லி இல்ல, ப்ரொட்யூசர் ஜிம்மி மில்லர், ஏன்னா அந்த க்ரூவ் (தாளத்தோட ஓட்டம்) சார்லிக்கு செட் ஆகல. ஹாங்கி டாங்க் விமன்ல எல்லாரும் விசிலடிக்கிற அந்த கவ்பெல் (மாட்டு மணி மாதிரி தாளக் கருவி) ஆரம்பமும் மில்லர் தட்டினதுதான். அதே பாட்டு ஆரம்பிச்ச வேகத்துல முடியல, போகப் போக ஓடுது, மெட்ரோனோம் போட்டு செக் பண்ணிக்கோங்க. சிம்பிளா வாசிக்கிறவன்தான் வேணும்னா ஏசி/டிசி பேண்டோட டிரம்மர் ஃபில் ரட்ட கேளுங்க. 1980-ல வந்த பேக் இன் பிளாக் ஆல்பம் முழுக்க ஒரு அடி வீண் கிடையாது, டைமும் பாறை.

ஆஃப்பீட்_அண்ணாச்சி:
மச்சி, மில்லர் விஷயம் நூத்துக்கு நூறு சரி. அதுல எனக்குப் பிடிச்சதே, பாட்டுக்கு யார் வாசிச்சா நல்லா இருக்குமோ அவன் உக்காரட்டும்னு எந்திரிச்சுக் குடுத்தாரு பாருங்க, அதுதான். நம்ம ஊரு மேடையில ஒரு டிரம்மர் ஸ்டூல விட்டு எந்திரிப்பானா?

டெம்போ ஓடுது, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அது தடுமாறி ஓடல, அஞ்சு பேரும் சேந்து ஏறுறாங்க. கடைசி கோரஸுக்கு வரும்போது அந்த வேகம் இல்லாம கேட்டா சப்புன்னு இருக்கும். ஃபில் ரட் வேற ரகம், ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வைக்க வேண்டாம். ரட் ஆணி அடிச்ச மாதிரி நேரா போவாரு, சார்லி கொஞ்சம் உருட்டி விடுவாரு. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா தினமும் கேக்கிறது சார்லி.

தட்டுமுட்டு:
அண்ணாச்சி, முயற்சி பண்ணினேன், கொலவெறி வருது. மெதுவா போட்டா வருது, கொஞ்சம் ஸ்பீடு ஏத்தினா வலது கை என் பேச்சக் கேக்கல, ஹாட்லயே போய் விழுது. அத நிறுத்தப் போனா கிக் எங்கயோ போயிடுது. ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுது, ஃபோன்ல பதிவு பண்ணிக் கேட்டப்போ, கை ஒழுங்கா தூக்கின அந்த ஒண்ணு ரெண்டு பார்ல ஸ்னேர் சவுண்டே மாறிடுச்சு, அதே ஸ்னேர், அதே அடி. எந்தப் பாட்டோட சேந்து பிராக்டிஸ் பண்றது நல்லது?

வினைல்பைத்தியம்:
பீஸ்ட் ஆஃப் பர்டன், 1978. வேகம் கம்மி, கிட்டார் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டே இருக்கும், நடுவுல இவரு கை வைக்காம வழி விட்டுட்டே போவாரு. ஃபில் போடணும்னு உங்களுக்கு அரிக்கிற இடத்துல எல்லாம் அவரு சும்மா போறதப் பாருங்க. அது பழகினதும் 1965 கெட் ஆஃப் ஆஃப் மை க்ளவுட் போடுங்க, அதுல ஆரம்பத்துலயே ஒரு ஃபில் வரும், அதையே பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிச்சிட்டே இருப்பாரு, அதுவே பாட்டோட அடையாளம் ஆயிடுச்சு. வேற யாராவது இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணா மாத்தி வித்தை காட்டியிருப்பாங்க.

2023-ல வந்த ஸ்டோன்ஸ் ஆல்பம் ஹாக்னி டைமண்ட்ஸையும் விட்றாதீங்க. பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன்தான் வாசிக்கிறாரு, ரெண்டு பாட்டுல மட்டும் சார்லி முன்னாடியே வாசிச்சு வெச்சது இருக்கு: மெஸ் இட் அப், லிவ் பை த ஸ்வார்ட். ஜோர்டன் பிரமாதமான டிரம்மர், அடி இன்னும் கனம். எது யாருன்னு லிஸ்ட் பாக்காம கண்டுபிடிக்க முடியுதான்னு ட்ரை பண்ணுங்க.

மெட்டல்_மச்சி:
நான் ஹெட்ஃபோன் மாட்டிட்டேன். ரெண்டையும் கரெக்டா சொல்லிட்டா அண்ணாச்சி எனக்கு பிரியாணி.

ஆஃப்பீட்_அண்ணாச்சி:
பேர அவரே மேல எழுதிட்டாரு, அப்புறம் என்ன கண்டுபிடிப்பு? பிரியாணி கேன்சல்.